ஜாடியில் குறைந்த ஒரு விரல்

பார்சல் ஆபீஸ் கவுன்ட்டரில் பதினாறு வருஷமாக எடை போடும் அவளுக்கு வீட்டில் தராசு என்று பேர். வைத்த மகராசன் அவள் புருஷன்தான். கல்யாணமான புதிதில் உப்பைக்கூட நிறுத்துப் போட்டாளாம். "பொண்டாட்டி வருவான்னு பார்த்தா தராசு வந்திருக்கு" என்று அவர் சொந்தக்காரர்கள் முன்னால் சொல்ல, எல்லாரும் சிரிக்க, பேர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் கோபமில்லை, உள்ளுக்குள் பெருமைதான். கண்ணளவு, கையளவு என்று பேசுகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

அந்தப் பெருமையெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நிற்பது வருஷக் கடைசி விடுமுறைக்கு அவள் வேகவைக்கும் பழ கேக்கில்தான். குளிர் தொடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை திராட்சை, பேரீச்சை, அத்தி, செர்ரி, ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் பட்டாணி அளவுக்கு நறுக்கி, பெரிய கண்ணாடி ஜாடியில் போட்டு, முங்கும்வரை ரம் ஊற்றி மூடுவாள். ஏழு வாரம் ஊறும். ஞாயிறுதோறும் மரக்கரண்டியால் கிளறிவிடுவாள். முதல் வாரத்தில் பழம் ரம்மைக் குடிக்கும், மட்டம் இறங்கும், கொஞ்சம் ஊற்றிச் சரிக்கட்டுவாள். அதோடு சரி. அதற்கப்புறம் மட்டம் அசையாது. பதினோரு வருஷம் இப்படித்தான், ஒரு தடவைகூட மாறியதில்லை.

போன வருஷ கேக்கை மட்டும் யாரும் சாப்பிடவில்லை. சாப்பிட விட்டால்தானே. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற அவள் புருஷன், விடுமுறை நாள் மத்தியானம், சொந்தக்காரர்கள் மேஜையைச் சுற்றி நிற்கும்போது நிறை போதையில் வந்தார். நான்தான் வெட்டுவேன் என்று மேஜையில் கையை ஊன்றினார். மேஜை சாய்ந்தது, கேக் தரைக்குப் போனது, இவர் அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே சிரித்தார் பாருங்கள், அதைத்தான் மகளால் தாங்க முடியவில்லை. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பெண், முந்தின நாள்தான் ஆசையாக வந்திருந்தாள். பையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிளம்பிவிட்டாள். அப்பாவோடு பேச்சை அதோடு நிறுத்தியவள்தான். அம்மாவுக்கு மட்டும் வாரம் ஒரு போன், திங்கட்கிழமை.

ஒரு மாதம் கழித்து அவர் குடியை நிறுத்தினார். இதற்கு முன்னாலும் நிறுத்தியிருக்கிறார், அதெல்லாம் பத்து நாள் கூத்து. இந்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனார், மாத்திரை சாப்பிட்டார், கை நடுங்க நடுங்க வேலைக்குப் போனார். வாரம் ஒரு நாள் தன்னைப் போன்றவர்கள் கூடுகிற இடத்துக்குப் போய் உட்கார்ந்து வந்தார். ஒன்பது மாதம் தாண்டியது. வீட்டில் சத்தம் இல்லை, தட்டு பறக்கவில்லை. ஆனாலும் தராசுக்குத் தூக்கம் முழுதாக வரவில்லை. எப்போது போட்டு உடைக்கப் போகிறாரோ என்று ஒரு காது விழித்தே இருந்தது.

குளிர் தொடங்கியபோது மகள் போனில் கேட்டாள். அப்பா நிஜமாகவே நிறுத்திவிட்டாரா என்றாள். விடுமுறைக்கு வர ஆசையாக இருக்கிறதாம். "வேற யார் சொன்னாலும் நம்ப மாட்டேம்மா. நீ சொல்லு, வர்றேன்" என்றாள். இன்னும் கொஞ்ச நாள் பார்த்துச் சொல்கிறேன் என்று தராசு போனை வைத்தாள். அன்று முழுக்க அந்தப் பேச்சுதான் அவள் மண்டைக்குள் ஓடியது. ஆபீஸில் ஒரு பார்சலை இரண்டு முறை எடை போட்டாள்.

ஊறப்போடுகிற ஞாயிறு வந்தது. இந்த வருஷம் ரம் வேண்டாம், ஆரஞ்சுச் சாற்றில் போட்டுவிடு என்று நாத்தனார் சொல்லிப் பார்த்தாள். குடியை விட்டவன் இருக்கிற வீட்டில் பாட்டில் எதற்கு என்பது அவள் நியாயம். மறுத்தது யார் தெரியுமா? அவர்தான். என்னால் கெட்டது போதும், கேக்கும் கெட வேண்டாம், எனக்கு மட்டும் சாற்றில் ஒரு சின்ன கேக் போட்டுக்கொடு என்றார். தராசு வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளுக்கு அந்த கேக் வேண்டும். போன வருஷம் தரையில் போன மானத்தை அதே மேஜையில் வைத்து எடுக்க வேண்டும் என்று ஒரு வீம்பு.

இத்தனை வருஷம் ரம் வாங்கி வந்தது அவர்தான், ஜாடிக்கு ஒன்று, தனக்கு ஒன்று. இந்த முறை அவளே போனாள். தலையைக் குனிந்துகொண்டு வரிசையில் நின்றாள். கடைக்காரர் அவளை அடையாளம் கண்டுகொண்டு, சார் ஊரில் இல்லையா, ரொம்ப நாளாக ஆளையே காணோமே என்று விசாரித்தார். வெட்கத்தில் போனவளுக்கு அந்தக் கேள்வி அவ்வளவு இனித்தது. வீடு வந்து சேரும்வரை தனக்குத்தானே சிரித்துக்கொண்டு நடந்தாள்.

அந்த வருஷம் அவள் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. விடுமுறைக்கு முந்தின மாதங்களில் பார்சல் ஆபீஸில் தூக்குகிற தூக்குக்கு வீங்காமல் என்ன செய்யும். கட்டுப் போட்ட கையால் திராட்சையையும் பேரீச்சையையும் எப்படியோ நறுக்கிவிட்டாள். காய்ந்த அத்திப்பழம் மட்டும் கத்திக்கு மசியவில்லை. சரி, ஊறினால் மெத்தென்று ஆகிவிடும், வேகவைக்கிற அன்றைக்கு நறுக்கிக்கொள்ளலாம் என்று கிட்டத்தட்ட அரைக் கிலோவை முழுசு முழுசாக உள்ளே போட்டாள். நல்ல யோசனை என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

ஜாடியைத் துணி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அதோடு விட்டாளா? ஜாடியின் பின்பக்கம் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, ரம் நிற்கிற மட்டத்தில் பேனாவால் கோடு கிழித்தாள். கிழிக்கும்போதே மனசு குத்தியது. கட்டின புருஷனுக்குக் கோடு கிழிக்கிறோமே என்றுதான் இருந்தது. இருந்தும் கிழித்தாள்.

முதல் வாரம் மட்டம் இறங்கியது. வழக்கம்தானே என்று ஊற்றிச் சரிக்கட்டினாள். இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம் சுமாராகக் கோட்டிலேயே நின்றது. நாலாவது ஞாயிறு ஜாடியைத் திருப்பினால் ரம் கோட்டுக்குக் கீழே அரை விரல். தன் கண்தான் பிசகு என்று அன்றைக்குத் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஐந்தாவது ஞாயிறு ஒரு விரல் முழுசாக இறங்கியிருந்தது. ஒரு டம்ளர் அளவு. முதல் வாரத்துக்கு அப்புறம் பழம் குடிக்காது, அது பதினோரு வருஷக் கணக்கு. லிஃப்ட் கதவையே ஸ்க்ரூ டிரைவரால் திறக்கிறவருக்குத் துணி அலமாரிப் பூட்டு ஒரு பூட்டா?

அப்புறம் எல்லாமே பொருந்தி வந்தது. சந்தேகம் வந்துவிட்டால் அப்படித்தான். கொஞ்ச நாளாக அவர் அரை மணி தாமதமாக வருகிறார். வாயில் எந்நேரமும் புதினா மிட்டாய். நாக்கு நமநமக்கிறது, அதற்குத்தான் என்று அவர் முன்பே சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தக் காலத்திலும் வாசனையை மறைக்கப் புதினாதானே மென்றார்? நாலாவது ஞாயிற்றுக்கு அப்புறம் அந்த வாரம் பூராவும் அவர் செருப்பைக் கழற்றும்போது பக்கத்தில் போய் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். புதினாவைத் தவிர ஒன்றும் வரவில்லை. வராதது அவளை இன்னும் பயமுறுத்தியது.

அந்த ஐந்தாவது ஞாயிறு சாயந்திரம், அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, ஜாடியைத் தூக்கி வந்து இஸ்திரி மேஜைமேல் வைத்துப் பின்பக்கத்தைத் திருப்பினாள். கோட்டை விரலால் காட்டினாள்.

"நான் தொடலை" என்றார்.

இருபது வருஷமாக அவள் கேட்ட பதில் அது. வாய் குழற, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் இதையேதான் சொல்வார். "நீங்க தொடலைன்னா ஜாடியே குடிச்சுதாக்கும்?" என்றாள்.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கோபப்படுவார் என்று பார்த்தாள், அவருக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கோட்டை முதல் வாரமே பார்த்துவிட்டாராம். அலமாரியைத் திறந்து அவள் கிளறும்போது பின்பக்கம் தெரிந்ததாம். பார்த்ததும் கஷ்டமாக இருந்ததாம், அப்புறம் யோசித்தால் நிம்மதியாகிவிட்டதாம். "நான் சொன்னா நீ நம்ப மாட்டே. கோடாவது எனக்காகப் பேசும்னு நினைச்சேன்" என்றார்.

தராசு அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. நடிப்பு என்று தோன்றியது, அப்படியே சொல்லியும்விட்டாள். பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று கத்தினாள். அவர் பாதி இஸ்திரி போட்ட சட்டையையே மாட்டிக்கொண்டு வெளியே போனார். இவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தவர் ஒன்றும் வேண்டாம் என்று படுத்துவிட்டார். அழுது அழுது மூக்கடைத்துப்போய் அவளுக்கு எந்த வாசனையும் தெரியாத நேரம் அது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் திங்கள். மகள் போன் செய்தபோது, இப்போதைக்குச் சொல்ல முடியாதும்மா என்று மட்டும் சொன்னாள். புரிகிறது, விடுமுறைக்கு ஹாஸ்டலிலேயே இருந்துகொள்கிறேன் என்று மகள் சொன்னாள்.

பதிமூன்று நாள் அந்த வீட்டில் இரண்டு பேரும் கேட்டதற்குப் பதில் என்று இருந்தார்கள். அவர் வேலைக்குப் போனார், வந்தார், தன் துணியைத் தானே துவைத்துக்கொண்டார். ஜாடியில் மட்டம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. இனிமேல் அதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று அவள் கிளறுவதைக்கூட விட்டுவிட்டாள்.

கேக் போடுகிற சனிக்கிழமை வந்தது. மகள் வராத விடுமுறைக்குக் கேக் ஒரு கேடா என்றுதான் இருந்தது. ஆனால் ஏழு வாரம் ஊறிய பழத்தைக் கொட்டவும் மனசு வரவில்லை. நாத்தனார் வீட்டுக்காவது போகட்டும் என்று ஓவனைச் சூடாக்கினாள். வெண்ணெயும் சர்க்கரையும் நுரைத்து, முட்டைகளை உடைத்து ஊற்றி, மாவை இரண்டு முறை சலித்தாள். அப்புறம் பலகையில் ஒரு அத்திப்பழத்தை வைத்துக் கத்தியை இறக்கினாள்.

பழத்துக்குள்ளிருந்து ரம் கொட்டியது. கசியவில்லை, கொட்டியது. பலகை நனைந்து மேஜை ஓரமாக வழிந்து அவள் பாதத்தில் சொட்டியது. இன்னொரு பழத்தை வெட்டினாள், அதுவும் அப்படித்தான். காய்ந்த அத்திக்குள் வெறும் காற்றுதானே இருக்கும். தோல் கெட்டி. நறுக்கிப் போட்டிருந்தால் முதல் வாரத்திலேயே குடித்து முடித்திருக்கும். முழுசாகப் போட்டதால் மெதுமெதுவாக, வாரக்கணக்கில், ஒவ்வொரு பழமும் தன் வயிற்றை நிரப்பிக்கொண்டிருக்கிறது.

டப்பாவில் இரண்டு காய்ந்த அத்தி மீதி இருந்தது. ஒன்றை அடுப்படித் தராசில் வைத்தாள், பதினெட்டு கிராம். ஊறியதை வைத்தாள், முப்பது. எத்தனை பழம் போட்டோம் என்று எண்ணினாள், இருபத்தேழு. கணக்குப் போடத் தாளே தேவைப்படவில்லை. ஒரு டம்ளர், நிறைய நிறைய ஒரு டம்ளர்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பிறகு, ஒட்டும் கையைக்கூடக் கழுவாமல் மகளுக்குப் போன் செய்தாள். திங்கட்கிழமை இல்லையே என்று மகள் பயந்துபோனாள். தராசு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். ஜாடியை, கோட்டை, கேட்ட கேள்வியை, அத்திப்பழத்தை. "உங்கப்பா குடிக்கலைம்மா. நான்தான் தப்பாப் பேசிட்டேன். நான் சொல்றேன், நீ வா" என்றாள். மகள் அழுதாள். அழுகைக்கு நடுவில், அத்திப்பழத்தையா சந்தேகப்படாமல் விட்டாய், உன்னைத் தராசு என்று யார் சொன்னது என்று கேலியும் செய்தாள். வருகிறேன் என்றாள்.

மத்தியானம் அவர் வந்தபோது வீடு முழுக்கக் கேக் வாசனை. தராசு அவர் பையை வாங்கி வைத்தாள், நாற்காலியை இழுத்துப் போட்டாள். தராசில் காய்ந்த பழத்தை வைத்துக் காட்டி, ஊறிய பழத்தை வைத்துக் காட்டி, இருபத்தேழு கணக்கையும் சொன்னாள். தப்பு முழுக்கத் தன்மேல்தான் என்றாள். மன்னிச்சுடுங்க என்கிற வார்த்தையை இருபது வருஷத்தில் அவள் அவரிடம் சொன்னதில்லை, அன்றைக்குச் சொன்னாள். மகளுக்குப் போன் பண்ணிவிட்டதையும், அவள் வரப்போவதையும் சொன்னாள்.

அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அவள் அதைப் பார்த்தாள். அப்புறம் அது வாடியதையும் பார்த்தாள்.

"அவகிட்ட என்னன்னு சொன்னே?"

"நீங்க குடிக்கலைன்னு."

அவர் ஊறிய பழத்தைத் தராசிலிருந்து எடுத்துத் தட்டில் தள்ளி வைத்துவிட்டு, விரலைத் துணியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"ஜாடியை நான் தொடலை. ஆனா அன்னிக்குச் சாயந்திரம் இங்கேருந்து போனேன் இல்ல, போய்க் குடிச்சேன். ஒரு தடவைதான். அதுக்கப்புறம் பதிமூணு நாளா இல்லை."

தராசு சுவரில் சாய்ந்துகொண்டாள். அவ்வளவு நாள் மோந்து பார்த்தவள், அந்த ஒரு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறாள். பத்து மாதத்துக்கு மேல் அவர் கட்டிக் காத்தது போயிற்று. போனதற்குக் காரணம் இவள் வாய். ஆனால் ஊற்றிக் குடித்த கை அவருடையது. யாரைக் கோபித்துக்கொள்வது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் வருவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் குடிக்கலைன்னு சொன்னப்போ நடிப்புன்னு சொன்னே" என்றார். குரலில் சண்டை இல்லை. "குடிச்சேன்னு சொன்னதை மட்டும் ஒரு கேள்வி கேக்காம நம்பிட்டே பாரு."

நிஜம்தானே. அவர் எங்கே குடித்தார், எவ்வளவு குடித்தார், சும்மா சொல்கிறாரா என்று எதுவும் அவள் மனசில் எழவே இல்லை. சொன்ன மாத்திரத்தில் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அவர் போனை எடுத்தார். வேண்டாங்க என்று தராசு அவர் கையைப் பிடித்தாள். மகள் வந்த அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், ஒரு நாள் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும், வருஷம் முழுக்கக் காத்திருந்த பிள்ளை என்று கெஞ்சினாள். உன் வார்த்தையை நம்பித்தான் அவள் வருகிறாள், அது பொய்யாக இருக்கக் கூடாது என்று அவர் சொன்னார். ஒரு வருஷமாக அவர் அழுத்தாத எண் அது. தப்பாக அழுத்தி, அழித்து, மறுபடி அழுத்தினார். இரண்டாவது மணியிலேயே அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். அடுப்படி சின்னது, மகளின் குரல் தராசுக்கும் தெளிவாகக் கேட்டது.

"அப்பா, டிக்கெட் எடுத்துட்டேம்பா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தராசு தன் கையை அவர் கையிலிருந்து எடுத்தாள்.

"சந்தோஷம்மா" என்றார். "அம்மாவுக்குத் தெரியாம ஒண்ணு நடந்துபோச்சு. அதை நான் சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் வர்றதா வேண்டாமான்னு நீ முடிவு பண்ணு."